கேமரன் மலையில் அப்பாவின் சைக்கிள்

தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறியவர்களுக்குத் தெரியும். அந்த வளைவுகளை எண்ணத் தொடங்கலாம், எண்ணி முடிக்க முடியாது. தானா ராத்தாவைத் தொடும்போது கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் வந்திருப்போம். காதடைக்கும். கார் கண்ணாடியை இறக்கினால் குளிர் முகத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இந்த முறை காரோடு அப்பாவின் சைக்கிளும் வந்தது. அவர் மறைந்தபின் எட்டு ஆண்டுகள் வீட்டின் பின்கட்டில், தகரக் கூரைக்குக் கீழே நின்ற சைக்கிள். செயினுக்கு எண்ணெய் விட்டேன். பிரேக் கட்டைகளை மாற்றினேன். டயரை மட்டும் மாற்றவில்லை. அப்பா கடைசியாகத் தன் கையால் மாட்டியது. அதிகம் ஓடவும் இல்லை. பூ தேயாமல் புதிதாகவே தெரிந்தது. அதைக் கழற்ற மனம் வரவில்லை.

காலையில் பிரிஞ்சாங்கிலிருந்து கிளம்பி, கியா ஃபார்ம் சந்தைப் பக்கம் பிரியும் குறுகலான தோட்டச் சாலையில் சுங்கை பாலாஸ் போனேன். 1929-இல் தொடங்கிய போ நிறுவனத்தின் தேயிலைத் தோட்டம் அது. சீப்பால் வாரியதுபோல் மலை முழுக்கப் பச்சை வரிசைகள். நடுவே மூடுபனி.

இரவு பெய்த மழையில் சாலை நனைந்திருந்தது. இறக்கத்தில் ஒரு வளைவு. எதிரே சுற்றுப்பயணிகளின் வேன். பிரேக்கைப் பிடித்தேன். பிரேக் பிடித்தது, டயர் பிடிக்கவில்லை. சைக்கிள் வழுக்கிப் புல்லோரம் சாய்ந்தது. வேனுக்கும் எனக்கும் இரண்டு கை தூரம்தான். முட்டியில் ரத்தம்.

தேயிலை வரிசையிலிருந்து ஒரு பெரியவர் ஓடிவந்தார். "அடி பலமா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார். டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார். "கல்லு மாதிரி இருக்கே! சின்ன வயசுல பேராக்குல பால்மரம் வெட்டுனவன் நான். இந்த ரப்பர் செத்துப் போச்சு தம்பி."

பக்கச்சுவரை அவர் வளைத்துக் காட்டியபோதுதான், கோடை வயல்போல் மெல்லிய வெடிப்புகள் கண்ணில் பட்டன.

1877-இல் சிங்கப்பூர் வந்த 22 ரப்பர் கன்றுகளில் சில கோலா கங்சாரில் வேரூன்றின. பின்னாளில் நம் தாத்தா பாட்டிமார் வெட்டிய பால் உலகமெங்கும் டயராக ஓடியது. ஆனால் ரப்பர், ஓடாமல் நின்றாலும் கிழடாகும். வெயில், வெப்பம், காற்றிலுள்ள ஆக்சிஜன், ஓசோன் எல்லாம் சேர்ந்து அதை இறுக்கும். சாலையின் சொரசொரப்பில் அழுந்திப் படியும் மென்மைதான் பிடிமானம். தார்ச்சாலையில் சைக்கிளுக்குப் பூவைவிட இந்த மென்மையே முக்கியம். அது போனால், ஈரச் சாலையில் முதலில் தெரியும்.

அதற்காக, பழைய டயர் எல்லாமே குப்பைக்கு என்பதில்லை. குளிர்ச்சியான, இருட்டான இடத்தில் வைத்த டயர் பல ஆண்டுகள் தாங்கும். கார் டயரில் தயாரித்த வாரமும் ஆண்டும் நான்கு இலக்கமாக இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். சைக்கிள் டயர்கள் பலவற்றில் அது இல்லை. எனவே கண்ணும் விரலும்தான் சாட்சி. வெடிப்பு ஆழமாக இருக்கிறதா, உள்நூல் தெரிகிறதா, எங்காவது புடைத்திருக்கிறதா, நடுப்பகுதி தட்டையாகிவிட்டதா, விரலால் அழுத்தினால் விறைப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் மலை இறங்க வேண்டாம். நீண்ட நாள் நிறுத்துவதானால் சைக்கிளைத் தொங்கவிடுங்கள். காற்றில்லாத டயர் மேல் நிற்கவைத்தால், மடங்கிய இடத்திலேயே முதலில் வெடிக்கும்.

அன்று பிரிஞ்சாங் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். வானொலியில் சாலைப் பாதுகாப்பு பற்றி வாய் ஓயாமல் பேசுகிறவன் நான்!

வீட்டுக்கு வந்து புது டயர் மாட்டும்போது, அம்மா என்ன நினைப்பாரோ என்று தயங்கினேன். பழையதைக் கையில் வாங்கிப் பார்த்தவர், "உங்கப்பா இருந்திருந்தா எப்பவோ மாத்தியிருப்பாருடா" என்றார்.

அடுத்த பள்ளி விடுமுறைக்கு மறுபடியும் சுங்கை பாலாஸ். சைக்கிள் அப்பாவுடையது, டயர் என்னுடையது.