பூட்டிய பெட்டி

காடிக்குப் புது இசியு வாங்கப்போகிறேன் என்று சொன்னதும் அம்மா கேட்டார், “ஏன், பழசு கெட்டுப்போச்சா?”

கெடவில்லை. நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது. ஆனால் அதைத் திறக்கும் பாஸ்வேர்டு ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் 2021 ஆகஸ்டில் கோவிட்டில் இறந்துபோனார்.

இதை அம்மாவுக்கு எப்படி விளக்குவது? “ஆமாம்மா, கெட்டுப்போச்சு” என்றேன்.

காடி அப்பாவுடையது. 1997-இல் வாங்கிய புரோட்டோன் வீரா 1.5. பதினைந்து வருடம் அதில்தான் வேலைக்குப் போனார். முட்டி வலி வந்து கிளட்ச் மிதிக்க முடியாமல் போனதும் ஆட்டோ மைவிக்கு மாறினார். வீராவின் சாவி என்னிடம் வந்தது. வீரா வைத்திருக்கும் பையனுக்கு அடுத்து என்ன தோன்றும் என்று இங்கே பலருக்கும் தெரியும். வீரா, மிட்சுபிஷி லான்சரின் உடம்பில் பிறந்த காடி. ஜப்பானில் ஓடிய லான்சர் ஜிஎஸ்ஆரின் 1.8 டர்போ இன்ஜின், 4ஜி93, பெரிய வெட்டு ஒட்டு இல்லாமல் அதில் உட்காரும். அப்பாவின் இன்ஜினுக்குச் சுமார் தொண்ணூறு குதிரைத்திறன். ஜிஎஸ்ஆருக்கு 195. ஹாஃப்கட் கடையில் பாதியாக அறுத்து வந்த ஒரு ஜிஎஸ்ஆரை வாங்கினேன். ஜேபிஜே, புஸ்பகோம் என்று அலைந்து கிராண்டிலும் இன்ஜின் எண்ணை மாற்றினேன்.

கிள்ளானில், காப்பார் சாலைப் பக்கம் பட்டறை வைத்திருந்த அண்ணேதான் இன்ஜினை மாற்றிக் கொடுத்தார். எல்லாரும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். அவரைவிட மூத்தவர்களும்.

ஒரு வருடம் நன்றாக ஓடியது. பிறகு காலையில் ஸ்டார்ட் ஆவதற்கு அடம்பிடித்தது. ஒருநாள் அண்ணே கார்ப்பெட்டைத் தூக்கி, இசியு பெட்டியைக் கழற்றி, மூடியைத் திறந்து என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

“என்ன வாசம்?”

“கருவாடு மாதிரி இருக்குண்ணே.”

“அதான் நோய்.”

தொண்ணூறுகளின் மிட்சுபிஷி இசியுக்களில் இருக்கும் கப்பாசிட்டர்கள் வயதானதும் ஒழுகும். ஒழுகிய திரவம் மீன் நாற்றம் அடிக்கும், போர்டில் இருக்கும் செம்புத் தடத்தை மெல்ல அரிக்கும். கொஞ்சமாக அரித்திருந்தால் கப்பாசிட்டரை மாற்றிப் பிழைக்க வைக்கலாம். என்னுடையதில் தடமே காணாமல் போயிருந்தது. அண்ணே ஒரு செகண்ட் ஹேண்ட் ஸ்டேண்டலோன் பெட்டியைக் கொண்டு வந்தார். இரண்டு நாள் வயரிங். பிறகு லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, மூன்று ராத்திரி, ஆள் இல்லாத தொழிற்பேட்டை ரோட்டில் டியூன் பண்ணினார். நான் ஓட்டினேன், அவர் எழுதினார்.

எழுதினார் என்று தெரிந்துதான் சொல்கிறேன். ஸ்டேண்டலோன் பெட்டி வாங்கும்போது உள்ளே ஒன்றும் இருக்காது. அட்டவணைகள் இருக்கும். இன்ஜினின் வேகம் ஒரு பக்கம், உள்ளே போகும் காற்றின் அழுத்தம் இன்னொரு பக்கம். பதினாறுக்குப் பதினாறு என்றால் 256 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். அந்த வேகத்தில், அந்த அழுத்தத்தில் இன்ஜெக்டர் எத்தனை மில்லி செகண்டு திறந்திருக்க வேண்டும் என்பது அந்த எண்ணிலிருந்துதான் முடிவாகும். ஸ்பார்க் எத்தனை பாகை முன்னால் விழ வேண்டும் என்பதற்கு இன்னோர் அட்டவணை. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ண ஒன்று. ஏர்கோண் போட்டதும் இன்ஜின் திணறி அணையாமல் இருக்க ஒன்று. ஒகாசாக்கியிலோ வேறெங்கேயோ ஒரு கூட்டம் இன்ஜினியர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து நிரப்பியதையெல்லாம், ஸ்டேண்டலோன் வாங்கியவன் தானாக நிரப்ப வேண்டும். அல்லது நிரப்பத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

டியூன் முடிந்ததும் அண்ணே பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. என் காசு, என் காடி, என் இன்ஜின். அவர் கவனித்துவிட்டார்.

“தம்பி, போன வருஷம் ஒருத்தன் காடிக்கு மேப் போட்டுக் கொடுத்தேன். அவன் கூட்டாளி அதைக் காப்பி எடுத்து அவன் காடில ஏத்திட்டான். அவனோட டர்போ வேற, இன்ஜெக்டர் வேற. பிஸ்டன் உருகிப்போச்சு. யாரு மேப்புன்னு கேட்டா என் பேரைச் சொல்லியிருக்கான்.”

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. பாக்கி 350 வெள்ளியை அடுத்த மாதம் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் போய் இரண்டு வருடம் கழித்துத்தான் பூட்டு எனக்கு உறைத்தது. ஓர் இன்ஜெக்டர் செத்துப்போனது. அதே அளவில் பழையது நான்கு வாங்கினேன், இரண்டு ஒழுகின. வேறு வழியில்லாமல் புதிதாகப் பெரிய அளவு இன்ஜெக்டர் நான்கு போட்டேன். பெட்டிக்கு இது தெரியாது. நான்கு மில்லி செகண்டு திற என்று சொல்கிறது. இன்ஜெக்டரும் கீழ்ப்படிகிறது. ஆனால் அந்த நேரத்தில் இப்போது அதிகப் பெட்ரோல் ஊற்றுகிறது. கரும்புகை, கருத்துப்போன பிளக், சிக்னலில் நின்றால் அணைந்துபோகும் இன்ஜின். மாற்ற வேண்டியது மென்பொருளில் ஒரே ஓர் எண்: இன்ஜெக்டரின் அளவு. மற்ற எண்களைப் பிறகு தட்டிச் சரிசெய்யலாம். அந்த ஓர் எண்ணை மாற்றத்தான் பாஸ்வேர்டு வேண்டும்.

அண்ணேயின் வீட்டுக்குப் போனேன். லேப்டாப் இருக்கிறதா என்று கேட்கவே கூச்சமாக இருந்தது. அக்கா கொண்டுவந்து காட்டினார். அவர் போன ஆண்டு பள்ளிகள் மூடிக்கிடந்தன, மகளுக்கு வீட்டிலிருந்தே ஆன்லைன் வகுப்பு. வீட்டில் இருந்தது அந்த ஒரு லேப்டாப்தான். ரொம்ப மெதுவாக இருக்கிறது என்று யாரோ ஃபோர்மாட் பண்ணிக் கொடுத்திருக்கிறார்கள்.

“முக்கியமானது ஏதும் இருந்துச்சாப்பா?” என்று கேட்டார்.

“இல்லக்கா.” அன்று நான் சொன்ன இரண்டாவது பொய்.

கிளம்பும்போது அக்கா ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார். பட்டறையைக் காலி பண்ணும்போது எடுத்து வைத்ததாம். உள்ளே நாலைந்து 555 புத்தகங்கள். மளிகைக் கடைக் கணக்கு எழுதுகிற அதே சின்னப் புத்தகம். “காடி நம்பர் போட்டிருக்கு. உன்னோடது இருந்தா எடுத்துக்க.”

இருந்தது. அப்பாவின் காடி நம்பர், அடியில் அண்ணேயின் கோணல் எழுத்து. நான் எதிர்பார்த்த பாஸ்வேர்டு இல்லை. 256 எண்களும் இல்லை. குறிப்புகள்தான் இருந்தன.

‘3500, பூஸ்ட் முழுசு, தட்டுது. 2 குறைச்சேன். நின்னுச்சு. இன்னும் 1 குறைச்சேன், பையன் 95 ஊத்துவான்.’

‘ஏர்கோண் போட்டா 700க்கு விழுது. 950 வை.’

‘2வது சிலிண்டர் பிளக் வெள்ளையா இருக்கு. பாரு.’

கடைசிப் பக்கத்தில் ‘பாக்கி 350.’

‘பையன் 95 ஊத்துவான்’ என்ற வரியில் கொஞ்ச நேரம் நின்றேன். டர்போ இன்ஜினுக்கு ஆக்டேன் குறைந்த பெட்ரோல் ஊற்றினால், ஸ்பார்க் விழுந்து தீ பரவி முடிப்பதற்குள் மிச்சக் கலவை தானாக வெடிக்கும். அதைத்தான் தட்டுவது என்கிறோம். கொஞ்ச நேரம் தட்டினாலே பிஸ்டன் உடையும். RON97 ஊற்றச் சொல்லி அவர் என்னிடம் படித்துப் படித்துச் சொன்னார். நானும் தலையாட்டினேன். மாதக் கடைசியில் நான் என்ன செய்வேன் என்று தெரிந்து, எனக்குச் சொல்லாமல், ஒரு பாகையை எனக்காக விட்டுவைத்திருக்கிறார். மேப்பைத் திறந்து பார்த்திருந்தால்கூட அங்கே ஓர் எண்தான் இருந்திருக்கும். அது ஏன் அந்த எண் என்பது இந்தப் புத்தகத்தில் மட்டும்தான் இருந்தது.

கையில் ஆறாயிரம் வெள்ளி இருந்தது. நான்கு வழிகள்.

முதலாவது, ஒரிஜினல் இசியுவுக்குத் திரும்புவது. வேறொரு ஹாஃப்கட்டிலிருந்து எடுத்துக் கப்பாசிட்டர் மாற்றிப் போடலாம். ஏர்கோண், காலை ஸ்டார்ட் எல்லாம் காடி கம்பெனி பார்த்துக்கொள்ளும். ஆனால் புது இன்ஜெக்டரை அதற்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்.

இரண்டாவது, அதன்மேல் பிக்கிபேக் வைப்பது. சென்சாருக்கும் இசியுவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, வரும் காற்றைக் குறைத்தோ கூட்டியோ சொல்லும் சின்னப் பெட்டி. விலை குறைவு. ஆனால் பெட்ரோலைக் குறைப்பதற்காகக் காற்று குறைவாக வருகிறது என்று பொய் சொன்னால், இசியு அதை நம்பி ஸ்பார்க்கையும் முன்னால் தள்ளிவிடும். டர்போவில் அது நேராகத் தட்டலில் கொண்டுபோய் விடலாம்.

மூன்றாவது, அண்ணே போட்ட பெட்டியையே ரீசெட் செய்வது. பாஸ்வேர்டு போய்விடும், கூடவே மேப்பும். பிறகு முதலிலிருந்து எழுதலாம். இதுதான் மலிவு. புத்தியுள்ளவன் இதைத்தான் செய்திருப்பான். பழைய மாடல், சீரியல் போர்ட் உள்ள பழைய லேப்டாப் வேண்டும், நோக் சென்சாரைப் படிக்காது என்று நண்பர்களிடம் காரணம் அடுக்கினேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த மூன்று ராத்திரியை அழிக்க எனக்கு மனம் வரவில்லை என்பதே முதல் காரணம்.

நான்காவது, புதுப் பெட்டி. ஆஸ்திரேலியாவின் ஹால்டெக் இருக்கிறது, நியூசிலாந்தின் லிங்க் இருக்கிறது. கையில் சோல்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு மெகாஸ்குவர்ட், ஆர்டுயினோவில் ஓடும் ஸ்பீடுயினோ. ஸ்பீடுயினோவின் சர்க்யூட்டும் நிரலும் எல்லாருக்கும் திறந்து கிடக்கின்றன. அண்ணேயின் பூட்டுக்குப் பிறகு அந்தத் திறந்த கதவு என்னை ரொம்பவே இழுத்தது. ஒரு வாரம் அதைத்தான் படித்தேன்.

கடைசியில் ஷா ஆலமில் டைனோ வைத்திருக்கும் ஒரு டியூனரிடம் போனேன். என்னைவிட இரண்டு வயது இளையவன். எந்தப் பெட்டி நல்லது என்று கேட்டேன். அவன் திருப்பிக் கேட்டான்.

“ஐடில் கன்ட்ரோல் ஸ்டெப்பரா? எத்தனை இன்ஜெக்டர், லோ இம்பிடன்ஸா ஹையா? நோக் சென்சார் இருக்கா? வைட்பேண்ட் போட்டிருக்கீங்களா? தினமும் ஓட்டுற காடியா, சும்மா நிக்கிற காடியா?”

தினமும் ஓட்டுகிற காடி என்றேன்.

“அப்ப முதல்ல வயரிங்கை மாத்துங்க அண்ணா. பெட்டி அப்புறம். எர்த் சரியில்லன்னா எந்தப் பெட்டி போட்டாலும் அது பைத்தியம் மாதிரிதான் ஓடும்.”

அங்கேயே பாதி முடிவு செய்துவிட்டேன். அவன் கை பழகிய பெட்டி, என் காசுக்குள் அடங்கும் மாடல். பெயர் சொன்னால் விளம்பரமாகிவிடும். அவனிடம் இன்னும் இரண்டு கேட்டேன். மேப் ஃபைலின் பிரதி எனக்கு வேண்டும். ஏன் அந்த எண் என்று நான் கேட்டால் சொல்ல வேண்டும்.

அவன் உடனே பதில் சொல்லவில்லை. “ஃபைல் கொடுத்தா நாளைக்கு அது ஊரெல்லாம் சுத்தும்” என்றான். அண்ணேயின் குரல் மாதிரியே இருந்தது. அவன் பக்கமும் நியாயம் இருந்தது. அவன் விற்பது பெட்டியை இல்லை, அந்த 256 கட்டங்களை நிரப்பத் தெரிந்த பத்து வருடத்தை. அண்ணேயின் கதையை, அந்த உருகிய பிஸ்டன் உட்பட, அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “பூட்டுவேன். ஆனா பாஸ்வேர்டு ஒரு பேப்பர்ல எழுதித் தரேன். வேற காடில ஏத்தினா நான் பொறுப்பில்ல” என்றான். சரி என்றேன்.

புது வயரிங், புதுப் பெட்டி, எக்ஸ்ஹோஸ்டில் வைட்பேண்ட் சென்சார். டைனோவில் ஏற்றுவதற்கு முன்னால் பெட்டி பத்து பாகை என்று நினைக்கும்போது இன்ஜினிலும் பத்துதானா என்று டைமிங் லைட் அடித்துப் பார்த்தான். அது தப்பாக இருந்தால் மேலே எழுதும் எல்லா எண்ணும் தப்பு. பிறகு ஒவ்வொரு கட்டமாக ஏறினான். பெட்ரோல் முழுதாக எரிய, எடையில் அதைப்போல் 14.7 மடங்கு காற்று வேண்டும். பூஸ்ட் ஏறும்போது இன்ஜினைக் காப்பாற்ற அதைப் பதினொன்றரை, பன்னிரண்டுக்கு இறக்குவார்கள். கூடுதல் பெட்ரோல் உள்ளே சூட்டைத் தணிக்கும். 3500-இல் கிராஃப் மேலே போகும்போது அண்ணேயின் 555 புத்தகத்தை நீட்டினேன். வாங்கிப் படித்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. கீபோர்டில் அந்த இடத்தில் ஒரு பாகையைக் குறைத்தான்.

“இனிமே 97-தான் ஊத்துவேன்” என்றேன்.

“பரவால்ல அண்ணா, இருக்கட்டும்.”

மறுநாள் அக்காவைப் பார்க்கப் போய் 350 வெள்ளியைக் கொடுத்தேன். இத்தனை வருடம் கழித்தா என்று அவர் கேட்கவில்லை. தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தார். பழைய பெட்டியை என்ன செய்தாய் என்றார். வீட்டில் வைத்திருக்கிறேன் என்றேன். ஹாஃப்கட் கடையில் கொடுத்தால் காசு கிடைக்கும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறார். வாங்குகிறவன் முதல் வேலையாக ரீசெட் பண்ணுவான். இன்னும் கொடுக்கவில்லை.

பாஸ்வேர்டு எழுதிய பேப்பரை அந்த 555 புத்தகத்தில் ஒட்டி, காடியின் டேஷ்போர்டு அறையில் வைத்திருக்கிறேன். இன்ஜினில் எதைத் தொட்டாலும், ஏன் தொட்டேன் என்பதையும் சேர்த்து அதில் எழுதுகிறேன். என் எழுத்தும் கோணல்தான்.