ஆடிய முள்ளும் அடம்பிடித்த கியரும்

கலிஃபோர்னியாவில் இருக்கும் அக்கா வீட்டுக்கு 2022 ஜூனில் நானும் இவரும் போயிருந்தோம். ரிடையர் ஆன கையோடு அத்தான் ஒரு பழைய மோட்டார் ஹோம் வாங்கி வைத்திருந்தார். முன்பாதி வேன், பின்பாதி வீடு. 28 அடி நீளத்தில் கேஸ் அடுப்பு, கேஸிலேயே ஓடும் ஃபிரிட்ஜ், குளியலறை, டிரைவர் தலைக்கு மேலே பரண் மாதிரி ஒரு படுக்கை, எல்லாம் உண்டு. நிறுத்திய இடத்தில் குக்கர் வைத்து, சுடச்சுட ரசம் சாதம் சாப்பிடலாம். ஆனால் வண்டி 1996-ஆம் வருஷத்து மாடல். "இந்தப் பழைய இரும்பை ஏன்தான் வாங்கினாரோ!" என்று அக்காவுக்கு அன்றிலிருந்தே மனத்தாங்கல்.

லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து வடக்கே 395-ஆம் நம்பர் நெடுஞ்சாலை வழியாக மோனோ ஏரி வரை போவதாகத் திட்டம். அக்கா பெண்ணும் அவளுடைய ஒன்றரை வயதுக் குழந்தையும் கூட வந்தார்கள். மொஹாவி பாலைவனம் தாண்டும் வரை ஒரு குறையுமில்லை. அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. 55 மைலில் நின்றுகொண்டிருந்த ஸ்பீடோமீட்டர் முள் பொத்தென்று 20-க்கு விழுந்தது, உடனே 60-க்குத் துள்ளியது. அதே நேரம் பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்த மாதிரி வண்டி குலுங்கியது. பரணிலிருந்து டிபன் டப்பா உருண்டு விழ, தூங்கின குழந்தை வீரிட்டு அழ, ஒரே அமர்க்களம். கியர் கம்பி நுனியில் இருக்கும் குட்டி விளக்கு மின்ன ஆரம்பித்துவிட்டது.

வழியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸ் போய்விட்டது. கழற்றிப் புதுப்பிக்க வேண்டும், 4,500 டாலர், ஒரு வாரம் ஆகும்" என்றார்கள். நம்ம பணத்தில் மூன்றரை லட்சம்! அக்கா ஒன்றும் பேசவில்லை. பேசாமலிருந்ததுதான் பயமாக இருந்தது. அத்தான் முகம் சுண்டிப் போய்விட்டது.

"எதுக்கும் எண்ணெயைப் பார்த்துட்டு முடிவு பண்ணுவோம்" என்றார் அத்தான். சமதரையில் வண்டியை நிறுத்தி, பிரேக் போட்டு, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர்பாக்ஸ் எண்ணெய் அளக்கும் குச்சியை உருவினார். வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு வைத்து என்னிடம் நீட்டினார். இந்த எண்ணெய் நல்ல நிலையில் சிவப்பாக இருக்க வேண்டுமாம். பழுப்பாகிக் கருகல் வாடை அடித்தால் உள்ளே தகடுகள் தேய்ந்து வேகின்றன என்று அர்த்தம். தீய்ந்த எண்ணெய் வாடை சமையல்கட்டில் இருக்கிறவளுக்குத் தெரியாதா? முகர்ந்து பார்த்தேன். சிவப்பாகவே இருந்தது, வாடையே இல்லை. அத்தானுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. வேகத்தைக் குறைத்து, சாலை ஓரமாகவே லோன் பைன் என்ற ஊர் வரை போய்விடலாம் என்றார்.

அந்த வழியில்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. குழந்தைக்கு ஜுரம் வந்தால் எத்தனை மணிக்கு எத்தனை டிகிரி என்று குறித்து வைத்து டாக்டரிடம் காட்டுவோமே, அந்த மாதிரி பால் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டேன். இவர் செல்போனில் தெரிகிற உண்மை வேகத்தைச் சொல்வார், அத்தான் முள் காட்டுவதைச் சொல்வார், வண்டி உதைத்தால் நான் ஒரு பெருக்கல் குறி போடுவேன். இரண்டு பக்கம் நிரம்பியது. முள் ஒழுங்காக நின்றபோதெல்லாம் போன் வேகமும் அதுவும் ஒன்று, கியரும் சமர்த்து. முள் விழுந்த இடத்தில் மட்டுமே பெருக்கல் குறி! அதுவும் ரோடு மேடுபள்ளமாக இருந்த இடங்களில்தான் அதிகம்.

லோன் பைனில் பக்கத்து இடத்தில் கூடாரம் போட்டிருந்தவர் லாரி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். நோட்டைப் பார்த்துச் சிரித்தார். (பெருக்கல் குறிக்கு எந்த பாஷையும் வேண்டாமே!) இந்த மாதிரி வண்டிகளில் பின் அச்சின் நடுவே உருண்டையாக இருக்கிறதே, அதன் தலையில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு சென்சார் உண்டாம். உள்ளே பல் வைத்த வளையம் சுற்றச் சுற்ற, ஒவ்வொரு பல்லுக்கும் சின்ன மின்துடிப்பு கிளம்பும். அந்தத் துடிப்பை எண்ணித்தான் முள் நகர்கிறது. கியர் மாற்றும் கம்ப்யூட்டரும் அதே கணக்கைத்தான் நம்பியிருக்கிறது. கணக்கு நடுவில் அறுந்தால், வண்டி நின்றுவிட்டதென்று நினைத்து அது தப்பான கியரைப் போடுகிறது. கியர்பாக்ஸ் பாவம், சொன்னதைச் செய்கிறது!

சாவியை எடுத்து, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு அடியில் படுத்தார். மீட்டரை இணைத்து ஒயரை மெல்ல அசைத்தால் அளவு வருவதும் போவதுமாக இருந்தது. பிளக்கை ஒட்டி ஒயர் உள்ளுக்குள்ளேயே முறிந்திருக்கிறது, மேலே ரப்பர் உறை மட்டும் முழுசாக இருக்கிறது. சென்சாரின் காந்த நுனியிலோ மை அப்பின மாதிரி இரும்புப் பொடி. இது பழைய வண்டியில் சகஜமாம், துடைத்துவிட்டார். அத்தான் உதிரிபாகக் கடைக்குப் போய்ப் புது சென்சாரும் ஒயரோடு கூடிய பிளக்கும் வாங்கி வந்தார். அறுபது டாலருக்குள் முடிந்தது. ஒரே ஒரு போல்ட், அரை மணி வேலை. பெரியவர் காசு வாங்க மறுத்துவிட்டார். எலுமிச்சை சாதமும் அப்பளமும்தான் கொடுத்தோம்.

எல்லா வண்டிக்கும் இதே வைத்தியம் என்று நினைக்க வேண்டாம் என்றும் அவர் சொன்னார். முள் ஒழுங்காக இருக்கும்போதே கியர் வழுக்கினால், எண்ணெயில் கருகல் வாடை வந்தால், கோளாறு கியர்பாக்ஸுக்குள்தான். முள் ஆடாமல் எப்போதும் ஒரே விகிதத்தில் கூட்டியோ குறைத்தோ காட்டினால், டயர் அளவு மாறியிருக்கலாம். இன்னும் பழைய வண்டிகளில் சென்சாரே இருக்காது, முறுக்குக் கம்பிதான் முள்ளைச் சுற்றும். அது காய்ந்து போனால் முள் மட்டும் ஆடும், கியர் தன்பாட்டுக்கு இருக்கும்.

மறுநாள் விடியற்காலையில் வெளியே வந்தால், 14,505 அடி உயர விட்னி மலை ரோஜா நிறத்தில் நின்றது. முந்தின நாள் கவலையில் அதைக் கண்ணாலேயே பார்க்கவில்லை! அந்தப் பள்ளத்தாக்கின் ஆற்று நீரை 1913-லேயே கால்வாயும் குழாயும் போட்டு, 233 மைல் தள்ளி லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொண்டு போய்விட்டார்களாம். ஓவன்ஸ் ஏரி வற்றி வெளிறிக் கிடந்தது. அக்கா வீட்டுக் குழாயில் நான் அரிசி களைந்த தண்ணீரில் இந்தப் பக்கத்துப் பனியும் இருந்திருக்குமோ என்று நினைத்துக்கொண்டேன்.

பிஷப் ஊரைத் தாண்டியதும் ஷெர்வின் ஏற்றம். சாலை 7,000 அடி வரை ஏறுகிறது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்ளையே பார்த்தோம். 45, 44, 45. அசையவில்லை. கியர் மாறினதுகூடத் தெரியவில்லை, குழந்தையும் எழுந்திருக்கவில்லை. உச்சிக்கு வந்ததும் அக்கா ஃபிளாஸ்கைத் திறந்து முதல் டம்ளர் காபியை அத்தானிடம் நீட்டினாள். "ஓரமா நிறுத்திட்டுக் குடிங்க" என்றாள்.