நீலத்திரையும் அப்பாவின் குறிப்பேடும்

2024ஆம் ஆண்டு செமஸ்டர் விடுமுறையில், அம்மா சீட்டு எடுத்த பணம் 3,200 வெள்ளியை ஓர் இரும்புப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். அந்தப் பெட்டி எட்டு நாள்களில் 11 முறை செத்துப் பிழைத்தது. கணினித்துறை நண்பர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுச் சிரிக்கக்கூடும். சிரியுங்கள்! நானும் இப்போது சிரிக்கத்தான் செய்கிறேன். அப்போது அழுகைதான் வந்தது.

நான் கணினித்துறை மாணவன் அல்லன், தொடர்புத்துறை. படிப்பிற்கிடையே கல்யாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுத்தால் கைச்செலவுக்கு ஆகும் என்பது என் கணக்கு. என் பழைய மடிக்கணினியோ, பத்து நிமிட வீடியோவை ஏற்றுமதி செய்யச் சொன்னால் இரவு முழுவதும் பெருமூச்சு விடும். கடையில் முழுதாகப் பொருத்தி விற்கும் கணினியை வாங்கலாம் என்றார் அம்மா. "வேணாம்மா, நானே பொருத்துறேன். காசு மிச்சமாகும், ஒரு வருஷத்துல திருப்பிக் கொடுத்துடுறேன்" என்று மார்தட்டினேன். அம்மா என்னை நம்பினார். சீட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தபோது ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதுதான் பின்னால் என்னை அதிகமாகக் குத்தியது.

கோலாலம்பூரில் உள்ள ஒரு கணினிப் பேரங்காடியில் ஒரு சிறிய கடை. தாய்ப்பலகை, 16 ஜிபி ரேம், ரைசன் 5 5600 செயலி, மின்வழங்கி ஆகியவற்றை அங்கே வாங்கினேன். கிராபிக்ஸ் கார்டு வேறொரு கடையில். கேசிங் மட்டும் விடுதி சீனியர் ஒருவர் இலவசமாகக் கொடுத்தது. அவர் அதில் சிறிய அளவுத் தாய்ப்பலகை ஒன்றை வைத்திருந்தார். என்னுடையதோ முழு அளவு. "பெரியதும் இதில் உட்காரும், எடுத்துக்கொள்" என்றார். உட்காரத்தான் செய்தது.

ஒரு சனிக்கிழமை காலை தொடங்கி, மதியச் சோறு ஆறிப்போகும்வரை தரையில் உட்கார்ந்து பொருத்தினேன். விசையை அழுத்தியதும் விசிறி சுழன்று திரை ஒளிர்ந்தபோது, எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்த நாளில்கூட எனக்கு அவ்வளவு பெருமை இருந்ததில்லை.

முதல் சாவு மறுநாள் இரவு நடந்தது. பக்கத்துத் தாமான் அக்கா ஒருவரின் கல்யாண வீடியோ, என் முதல் வாடிக்கையாளர் வேலை. ஏற்றுமதி 70 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. திடீரென்று நீலத்திரை! சோகமுகம் ஒன்று, கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. படித்து முடிப்பதற்குள் கணினி தானாக மறுபடியும் எழுந்துகொண்டது. மீண்டும் ஏற்றுமதி செய்தேன். இம்முறை 40 விழுக்காட்டில் நீலத்திரைகூட வரவில்லை. யாரோ சுவிட்சைத் தட்டியதுபோல் திரை இருண்டது.

அடுத்த சில நாள்கள் நான் செய்ததை எல்லாம் எழுதினால் இந்த ஆண்டிதழ் போதாது. விண்டோசை அழித்துவிட்டு மறுபடியும் நிறுவினேன். அதே நாளில் கிராபிக்ஸ் இயக்கியையும் மாற்றினேன், பயாஸையும் புதுப்பித்தேன், ரேமின் வேகத்தையும் குறைத்தேன். அன்று மாலை முழுவதும் கணினி நிற்கவில்லை. வென்றுவிட்டேன் என்று துள்ளினேன். எதனால் வென்றேன் என்று கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. நள்ளிரவில் மறுபடியும் நின்றது.

விண்டோசின் நிகழ்வுப் பதிவேட்டில் ஒவ்வொரு முறையும் ஒரே வரிதான் இருந்தது: கெர்னல் பவர், எண் 41. இந்த எண்ணைக் கண்டதும் பவர் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு மின்வழங்கியைக் குறை சொல்பவர்கள் உண்டு. நானும் சொன்னேன். உண்மையில் அந்த வரி காரணத்தைச் சொல்வதே இல்லை. முறையாக மூடப்படாமல் கணினி நின்றுவிட்டது என்று, மறுபடியும் எழுந்த பிறகு, எழுதி வைக்கிறது. அவ்வளவுதான்.

தானாக எழுந்துகொள்ளும் வசதியை அடைத்துவைத்து, நீலத்திரையில் வரும் குறியைப் படிக்கத் தொடங்கினேன். ஒரு நாள் நினைவகத்தைக் குறை சொன்னது, மறுநாள் இயக்கியைக் குறை சொன்னது, மூன்றாம் நாள் வேறு எதையோ. ஒரே மென்பொருளில் கோளாறு என்றால் பெரும்பாலும் ஒரே குறிதான் திரும்பத் திரும்ப வரும். இப்படிக் கண்டபடி மாறினால் வன்பொருளைச் சந்தேகிக்க வேண்டும். அந்த அளவுக்குச் சரியாகத்தான் யோசித்தேன். அடுத்த படியில்தான் சறுக்கினேன். வன்பொருள் என்றால் கடைக்காரன் கொடுத்தது என்று முடிவு கட்டினேன். அந்த வன்பொருளைப் பொருத்தியது யார் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

மெம்டெஸ்ட் என்னும் சோதனையை ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டேன். நான்கு சுற்று, பிழை பூஜ்யம். கணினியும் நிற்கவில்லை. இருந்தும் ரேமைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு தெலுக் இந்தானிலிருந்து கோலாலம்பூருக்குப் பேருந்து ஏறினேன்.

கடையில் என்னைவிட ஓரிரு வயது மூத்த சீன இளைஞர் ஒருவர் இருந்தார். ரேமைத் தம் கணினியில் போட்டு ஒரு மணி நேரம் சோதித்தார். "ஓகே லா, தடா மசாலா" என்றார். எனக்குத் தலைக்கேறியது. கடையில் வேறு வாடிக்கையாளர்கள் நிற்கிறார்கள் என்பதையும் பாராமல், யாரோ திருப்பிக் கொடுத்த பழைய சரக்கை என் தலையில் கட்டிவிட்டீர்கள், மாணவன் என்றால் ஏமாளியா என்று மலாயில் கத்தினேன். ஏழு எட்டுப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் சிவந்துபோனது. எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. அலமாரியிலிருந்து புதிய ரேம் பெட்டி ஒன்றை எடுத்து, என் முன்னாலேயே பிரித்து, கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

ஜெயித்துவிட்ட மிதப்பில் வீடு திரும்பினேன். புதிய ரேமைப் போட்டேன். அன்றிரவு 10 மணிக்கே நீலத்திரை.

அப்பா செம்பனை ஆலையில் பிட்டர். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பம்புகளோடும் மோட்டார்களோடும் குடித்தனம். கணினியை நிறுத்தத் தெரியாமல் சுவிட்சை அணைப்பவர். அதனால் இந்த விஷயத்தில் அவரிடம் பேச என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன். அன்றிரவு வேலை முடிந்து வந்தவர், நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுச் சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

"என்னடா செய்யுது?"

கெர்னல் பவர் நாற்பத்தொன்று என்று ஆரம்பித்தேன்.

"அப்படின்னா என்னா?"

ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்தவன், தமிழில் சொல்லத் திணறினேன். இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு இந்தச் சொற்களை எல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் கற்றேன், அவற்றைத் தமிழில் யோசித்துப் பார்க்க வேண்டிய தேவையே வந்ததில்லை. "முறையா மூடாம நின்னுபோச்சுன்னு எழுதுதுப்பா" என்றேன்.

"நின்னது எனக்கும்தான் தெரியுது. எப்பெப்ப நிக்குது?"

"திடீர் திடீர்னு."

"மிஷினுக்குத் திடீர்னு ஒண்ணு கிடையாதுடா. எத்தனை மணிக்கு, என்னா செஞ்சிக்கிட்டு இருந்த, என்னா மாத்துன? எழுதி வச்சிருக்கியா?"

எழுதவில்லை. அப்பா தம் பையிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த குறிப்பேட்டை எடுத்துக் காட்டினார். தேதி, நேரம், எந்த மோட்டார், என்ன சத்தம், என்ன மாற்றப்பட்டது என்று ஒரு வரிக்கு ஒரு வேலை. ஒரே நாளில் ஒரே இயந்திரத்தில் இரண்டு மாற்றம் செய்ததாக ஒரு வரிகூட இல்லை. "ரெண்டை ஒண்ணா மாத்துனா, எது சரி பண்ணுச்சின்னு எப்படித் தெரியும்?" என்று அவர் கேட்டபோது, பயாஸும் இயக்கியும் ரேமும் விண்டோசும் ஒரே மாலையில் என் கண்முன் வரிசையாக நின்றன.

அன்றிரவே உட்கார்ந்து, நினைவிலிருந்தும் பதிவேட்டிலிருந்தும் 11 சாவுகளையும் ஒரு தாளில் எழுதினேன். எழுதியபின் ஒன்று தெரிந்தது. ஒன்பது முறை நின்றது, ஏற்றுமதி தொடங்கி 20 நிமிடத்திலிருந்து 40 நிமிடத்துக்குள். மற்ற இரண்டும் கேசிங்கின் முன்பக்கத்தில் பென்டிரைவைச் செருகியபோது. சூடாகும்போது ஒரு வகை, தட்டும்போது ஒரு வகை. செயலியின் வெப்பநிலையை ஏற்கனவே பார்த்திருந்தேன், 75 பாகையைத் தாண்டவில்லை. அந்தச் செயலி 90 பாகைவரை தாங்கும்.

அப்பா தாளைப் பார்த்தார். "ஆலையில மோட்டார் இப்படி நின்னா, இடத்தை விட்டுக் கழட்டி மேசைமேல வச்சி ஓட்டிப் பாப்போம். அங்க நல்லா ஓடுனா மோட்டார் மேல குத்தம் இல்ல, உட்கார்ந்த இடத்துல குத்தம்."

மறுநாள் காலை தாய்ப்பலகையைக் கேசிங்கிலிருந்து கழற்றி, அது வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே வைத்தோம். பக்கத்தில் மின்வழங்கி, நட்டுக்குத்தலாகக் கிராபிக்ஸ் கார்டு. கேசிங்கில்தானே விசை இருக்கிறது, அது இல்லாமல் எப்படித் தொடங்குவது என்று அம்மா கேட்டார். தாய்ப்பலகையின் ஓரத்தில் விசைக்கென்று உள்ள இரண்டு ஊசிகளைத் திருப்புளி முனையால் ஒரு நொடி தொட்டால் போதும். தொட்டேன். விசிறி சுழன்றது. அம்மா இரண்டடி பின்னால் போனார்.

கல்யாண வீடியோ முழுவதையும் ஏற்றுமதி செய்தேன். இரண்டு மணி நேரம். நிற்கவில்லை. மறுபடியும் செய்தேன். பென்டிரைவைச் செருகினேன், பிடுங்கினேன். நிற்கவில்லை. எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. வயிற்றுக்குள் ஏதோ கனத்தது. கடைக்காரர் கொடுத்த ஒவ்வொரு பொருளும் என் கண்முன்னால் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா காலிக் கேசிங்கைப் படுக்க வைத்து, டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தாய்ப்பலகை உலோகத் தட்டில் படாமல் உயர்ந்து நிற்பதற்காகச் சிறிய பித்தளைத் தண்டுகளைத் தட்டில் திருகி வைப்பார்கள். அவற்றின் மேல்தான் பலகை உட்கார்ந்து திருகப்படும்.

"போர்டுல எத்தனை ஓட்டை?"

"ஒம்பது."

"இதுல பத்து நிக்குதே."

சீனியரின் பழைய பலகை 24.4 சென்டிமீட்டர் சதுரம். என்னுடையது அதே அகலம், நீளம் மட்டும் 30.5 சென்டிமீட்டர். சிறிய பலகையின் கடைசி வரிசைத் தண்டுகள் நின்ற இடத்தில் பெரிய பலகைக்கு ஓட்டையே கிடையாது. அந்த வரிசையில் ஒரு தண்டைக் கழற்றியது எனக்கு நினைவிருக்கிறது. மூலையில் வயர்களுக்குப் பின்னால் நின்ற இன்னொன்றை நான் பார்க்கவே இல்லை. பலகையைத் திருப்பினோம். கிராபிக்ஸ் கார்டு செருகும் இடத்திற்குப் பின்னால், ஈயப்பற்று முனைகள் இரண்டு தேய்ந்து பளபளத்தன. கேசிங் உலோகம் முழுவதும் மின்வழங்கி வழியாகப் பூமிக்கம்பியோடு இணைந்தது. அந்த முனை பித்தளையில் பட்டால் போக வேண்டிய மின்சாரம் போகக்கூடாத வழியில் போகும். நாங்கள் ஊகித்தது இதுதான்: குளிர்ந்திருக்கும்போது மயிரிழை இடைவெளி, ஏற்றுமதியின்போது கார்டு சூடேறி, அதன் கனத்தில் பலகை சற்று வளைந்ததும் தொட்டுவிடுகிறது. மெம்டெஸ்ட் ஓடிய இரவில் கார்டுக்கு வேலையே இல்லை, அதனால்தான் நிற்கவில்லை. பலகை எரிந்து போகாதது என் அதிர்ஷ்டம்.

அப்பா பத்தாவது தண்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். குளிக்கப் போய்விட்டார். பலகையை மறுபடியும் பொருத்தி மூன்று நாள் ஓட்டினேன். ஒரு முறைகூட நிற்கவில்லை.

நான்காம் நாள் மீண்டும் கோலாலம்பூருக்குப் பேருந்து. போகாமல் இருந்திருக்கலாம். அவருக்கு என் பெயர்கூடத் தெரியாது, அந்தக் கடைப் பக்கம் நான் போகாமலிருந்தால் போதும். ஆனால் அந்தச் சிவந்த முகம் மூன்று இரவும் என் கண்ணுக்குள்ளேயே இருந்தது. கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றார்கள். அவர்கள் போகட்டும் என்று முதலில் காத்திருந்தேன். அன்று நான் கத்தியபோது யாரும் போகும்வரை காத்திருக்கவில்லையே என்று தோன்றியதும் முன்னால் போய்த் தண்டை மேசைமேல் வைத்தேன். தவறு என்னுடையது, உங்கள் பொருளில் ஒரு குறையும் இல்லை, அன்று பேசியதற்கு மன்னிக்க வேண்டும் என்றேன். புதிய ரேமுக்கு ஏதாவது பணம் தர வேண்டுமா என்றும் கேட்டேன்.

அவர் தண்டை எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. பழைய ரேமைச் சோதனைக் கணினியில் போட்டுக்கொண்டதாகவும் பணம் வேண்டாமென்றும் சொன்னார். சற்று நேரம் கழித்து, "முதலாளி அன்றைக்கு என்னைத்தான் கேட்டார்" என்றார் மலாயில். அவர் அந்தக் கடையின் முதலாளி இல்லை, சம்பளத்துக்கு நிற்பவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முதலாளி எங்கே, நானே சொல்கிறேன் என்றேன். மதியம் வருவார் என்றார். மதியம்வரை கடை வாசலில் நின்றேன். முதலாளி வந்தார், சொன்னேன், தலையாட்டினார்.

அக்காவின் வீடியோவை ஒன்பது நாள் தாமதமாகக் கொடுத்தேன். பேசியது 400 வெள்ளி, தாமதத்துக்காக 50 கழித்துக்கொண்டு கொடுத்தார். அதை அப்படியே அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா எண்ணிப் பார்த்துவிட்டு, நாள்காட்டியின் ஓரத்தில் 2,850 என்று எழுதினார்.