சாம்பலுக்குத் தண்ணீர்

மேட்டூர் அனல்மின் நிலையத்தில் 1987 முதல் நிலக்கரி எரிகிறது. பழைய நான்கு அலகுகளும் 2013-ல் சேர்ந்த 600 மெகாவாட் அலகுமாக இன்று மொத்தம் 1,440 மெகாவாட். நம் நாட்டு நிலக்கரியில் நூறு கிலோ எரித்தால் முப்பது, நாற்பது கிலோ சாம்பலாகவே மிஞ்சும். அந்தச் சாம்பல் போய்ச் சேரும் இடங்களில் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். சுற்றுவட்டாரத்தில் உள்ள ஒரு சின்ன பிளை ஆஷ் கல் பட்டறை அது.

பல்கர் லாரியில் வரும் சாம்பல் குழாய் வழியாக சைலோவில் ஏறுகிறது. ஒரு கை அள்ளினேன்; விரலிடுக்கில் தண்ணீர் போல ஒழுகிப் போய்விட்டது. உலைச் சூட்டில் உருகி, புகையோடு பறக்கும்போதே குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி உருண்டைகளாக மாறிய தூள். தனியே விட்டால் ஒட்டாது. சுண்ணாம்பும் ஈரமும் கிடைத்தால் அந்தக் கண்ணாடியில் இருக்கும் சிலிக்கா வினைபுரிந்து மெல்ல இறுகும். சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம் சேர்த்துச் சூளை இல்லாமலே கல் செய்யும் முறையை உருவாக்கிப் பரப்பியவர்கள் விசாகப்பட்டினத்தின் பானுமதிதாஸ், காளிதாஸ். இந்தப் பட்டறையில் சுண்ணாம்புக்குப் பதில் சிமென்ட். பாதிக்கு மேல் சாம்பல், மீதியில் பெரும்பகுதி கல்குவாரியில் மிஞ்சும் கிரஷர் டஸ்ட், சிமென்ட் கொஞ்சம்தான். வயல் மேல்மண்ணும் வேண்டாம், விறகும் வேண்டாம்.

மிக்சரில் நின்றவர் ஒடிசாக்காரர். தண்ணீர் அளவுக்கு அவர் கைதான் கணக்கு. ஒரு பிடி கலவையை எடுத்து இறுக்கினார். உருண்டை பிடித்தது, உள்ளங்கையில் ஈரம் படியவில்லை. அவர் தலையசைத்த பிறகே கலவை பிரஸ்ஸுக்குப் போனது. ஹைட்ராலிக் அழுத்தத்தில் பலகை பலகையாகக் கல் இறங்கியது.

பார்க்க வருகிறவர்கள் இந்த மெஷினோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கோ, கல் உருவாகும் இடம் பின்பக்கத்து அடுக்குகள்தான் என்று பட்டது. ஓஸ் பைப்போடு அங்கே நின்ற அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்.

"இன்னிக்குப் போட்டது பச்சைக் கல்லு சார், தொட்டா முனை ஒடிஞ்சிரும். நாளைக்கு அடுக்கிட்டு அப்புறம் தண்ணி காட்டோணும். வெயில் காலத்துல மூணு நேரம். மேல மட்டும் நனைச்சாப் பத்தாதுங்க. நடு வரிசை காஞ்சுபோச்சுன்னா அந்தக் கல்லு சொத்தைதான்."

சொல்லிக்கொண்டே கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள சந்தில் பைப்பை நுழைத்து, அடியில் நீர் கசிந்து வரும்வரை பிடித்தார். பிறகுதான் அடுத்த சந்து. ஒரு அடுக்குக்கு மூன்று வாரம் இப்படி. செங்கல்லுக்கு நெருப்பு செய்கிற வேலையை இந்தக் கல்லுக்குத் தண்ணீர் செய்கிறது. ஆனால் மெஷின் ஆட்களுக்குக் கல் கணக்கில் கூலி, இவருக்கு அதைவிடக் குறைந்த நாள் கூலி. கல்லின் வலுவைக் கையில் வைத்திருப்பவருக்கு இது நியாயமே இல்லை.

சாம்பல் கல்லில் கட்டினால் சுவர் விரிசல் விடும் என்று கொத்தனார்கள் சொல்வதைப் பல ஊர்களில் கேட்டிருக்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஈரம் போதாமல் பத்தே நாளில் வண்டியேறிய கல், சுவரில் ஏறிய பிறகு காய்ந்து சுருங்கும். பூச்சோடு சேர்ந்து வெடிக்கும். பழி மட்டும் சாம்பலுக்கு.

தூசியையும் சொல்லியாக வேண்டும். சாம்பலிலும் கிரஷர் டஸ்ட்டிலும் சிலிக்கா உண்டு. வருஷக்கணக்கில் உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும். மிக்சரில் சாம்பல் விழும்போதெல்லாம் வெள்ளையாக ஒரு மேகம் எழுந்தது. நின்றவர் முகத்தில் துண்டு மட்டும்தான். மிக்சருக்கு ஒரு மூடி, ஆளுக்கு ஒரு நல்ல மாஸ்க், வருஷம் ஒரு முறை நெஞ்சுப் பரிசோதனை: இவை இல்லாமல் இதைப் பசுமைக் கல் என்று விற்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

முதலாளியிடம் இதைக் கேட்டபோது மூடிக்குச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். காத்திருக்கும் கல்லில் முதல் முடங்குவதுதான் அவருக்குப் பெரிய கவலை. பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு லாரி வந்தது. டிரைவர் முன்வரிசையைக் காட்டினார். அந்த அம்மா பைப்பைக் கீழே போட்டுவிட்டு வந்து, அடுக்கில் சாக்பீஸால் எழுதியிருந்த தேதியைக் காட்டி, "இது ஆகாதுங்க, இன்னும் ஒம்போது நாள் கெடக்கு" என்றார். முதலாளி கடைசி வரிசையை ஏற்றச் சொன்னார்.