இரண்டாம் வாசல்

ஒரு கதவு மூடினால் மறு கதவு திறக்கும் என்று பெரியோர் ஆறுதல் கூறுவர். அம்மறு கதவை யாரேனும் முன்பே அமைத்து வைத்திருந்தாலன்றோ அது திறக்கும்!

என் தமக்கை ஓர் அலுவலகத்திற்கு மின்னஞ்சலில் வேலை விண்ணப்பம் அனுப்பினாள். அங்குள்ள அஞ்சல் கணினி செயலற்றுக் கிடந்தது. 'இன்னும் சேரவில்லை, மீண்டும் முயல்கிறோம்' என்ற அறிவிப்பைக் கண்டு வீடே கலங்கியது. மூன்றாம் நாள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அது எப்படி என்று அறிய விழைந்து படிக்கலானேன்.

ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு வரும் அஞ்சலை ஏற்கும் கணினிகளை 'எம்.எக்ஸ்.' என்னும் பதிவில் எண்ணிட்டு அறிவிக்கிறது. 10, 20 என்று எண்கள் இருந்தால் சிறிய எண்ணுக்கே முதலுரிமை. 1986-இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 974 என்னும் ஆவணம் இதை விளக்கிற்று. 10 வாய் திறவாவிடில் கடிதம் 20-ஐ நாடும். அது கடிதத்தை வாங்கி வைத்திருந்து, 10 எழுந்ததும் ஒப்படைக்கும். 20 இல்லாவிடினும் அனுப்பும் கணினி எளிதில் கைவிடாது. நான்கைந்து நாள்களேனும் முயல வேண்டும் என்கிறது 2008-ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 5321. தமக்கையின் விண்ணப்பத்தைக் காத்தது இந்த விடாமுயற்சியே.

இரண்டாவதுதானே என்று 20-ஐக் காவலின்றி விட்டால் கேடு விளையும். குப்பை அஞ்சல் அனுப்புவோர் வேண்டுமென்றே அவ்வாசலைத் தேடி வருவர். பெறுநர் பட்டியல் அதனிடம் இல்லையெனில் இல்லாத முகவரிக்கு வருவதையும் அது ஏற்கும். பின்னர், பொய்யாக இடப்பட்ட அனுப்புநர் முகவரிக்கு அதைத் திருப்பி, ஏதுமறியாத ஒருவரைத் தொல்லைக்குள்ளாக்கும். இரண்டையும் ஒரே அறையில், ஒரே மின்கம்பியில் இணைத்தாலோ இரண்டும் ஒன்றாகவே அணையும். ஆகவே 10-க்குள்ள காவல் 20-க்கும் வேண்டும். இருப்பிடம் மட்டும் வேறாதல் வேண்டும்.

நண்பர்களே! மருத்துவமும் பொறியியலும் கிட்டாமையால் இக்கல்லூரிக்கு வந்தோம் என்று நம்மில் சிலர் பெருமூச்சு விடுவதுண்டு. நாம் தேர்ந்த வரிசையில் இது 20-ஆக இருந்திருக்கலாம். வரிசை எண் எப்போது அழைக்கப்படுவோம் என்பதைச் சொல்லுமேயன்றி, எவ்வளவு தகுதி வேண்டும் என்பதைச் சொல்லாது. 10 நின்றுபோன நாளில் முழுப் பொறுப்பும் 20-இன் தோளில்தான். அந்நாளுக்கு நம்மை ஆயத்தமாக்கிக் கொள்வோம்.