எட்டுக் கம்பிகளில் ஒன்று

கம்பியில்லா இணைப்பைவிடக் கம்பிவழி இணைப்பே வேகமானது என்பது பொதுவான எண்ணம். எமது வீட்டில் சில மாதங்களாக நிலைமை தலைகீழாக இருந்தது. நாம் பணம் கட்டுவது செக்கனுக்கு 300 மெகாபிட் வேகத்துக்கு. கைத்தொலைபேசியில் 280 வரை கிடைத்தது. ரவுட்டருடன் கம்பியால் இணைத்த எனது மேசைக் கணினியிலோ, இறக்கினாலும் ஏற்றினாலும், 94ஐத் தாண்டவில்லை.

இது பொழுதுபோக்குக்கான கவலையன்று. எனது பழைய பத்திரிகை நறுக்குகளை மின்படிகளாக்கி, வெளிநாட்டிலுள்ள மகனுக்கு அனுப்பிவருகிறேன். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டதைக் கண்ட தலைமுறை நாம். ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருப்பது எதுவும் பாதுகாப்பானதன்று என்பது எமக்குத் தெரியும்.

நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தபோது, கூடிய கட்டணமுள்ள திட்டத்துக்கு மாறும்படி ஆலோசனை கிடைத்தது. ஓய்வூதியக்காரனுக்கு அது சிறிய தொகையன்று. ஆனால் 94 என்ற இலக்கமே ஒரு துப்பாக இருந்தது. 100 மெகாபிட் இணைப்பு நடைமுறையில் தரக்கூடிய உச்சம் ஏறத்தாழ அதுவே.

வலையமைப்புக் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு சோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு சோடிகள் போதும். 1999இல் தரநிலையாக்கப்பட்ட, சாதாரண செப்புக் கேபிளில் ஓடும் 1000 மெகாபிட் முறைக்கு நான்கும் வேண்டும். 100 மெகாபிட்டுக்குத் தேவைப்படாத இரண்டு சோடிகளில் ஒரு கம்பி அறுந்தாலும், பெரும்பாலான கருவிகள் இணைப்பைத் துண்டிப்பதில்லை. சத்தமின்றி 100க்கு இறங்கிவிடும். வேகம் குறைவதைத் தவிர வேறு அறிகுறி இராது.

செய்தியைச் சரிபார்ப்பதுபோல ஒன்றொன்றாகவே பார்த்தேன். கணினியின் வலையமைப்பு விபரத்தில் இணைப்பு வேகம் 100 என்றிருந்தது. ரவுட்டரில் வேறு துளைக்கு மாற்றினேன், மாற்றமில்லை. கேபிளை மாத்திரம் மாற்றினேன். 1000 என்று காட்டியது. பரிசோதனையில் வேகம் 290ஐத் தொட்டது. பழைய கேபிள் அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் நசுங்கியிருந்தது. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றியிருந்தால் குற்றவாளி எதுவென்று தெரிந்திராது.

வாசகர்கள் இரண்டு விடயங்களைக் கவனத்திற் கொள்ளவேண்டும். சில ரவுட்டர்களின் துளைகளே 100 மெகாபிட்டுக்கு மேல் தரமாட்டா; அங்கே எந்தக் கேபிளாலும் பயனில்லை. அடுத்தது, எட்டு மெகாபிட் சேர்ந்ததே ஒரு மெகாபைட். 300 மெகாபிட் இணைப்பில் கோப்பொன்று செக்கனுக்கு 35 மெகாபைட் வேகத்தில் இறங்கினால் அது குறைபாடன்று.

பிள்ளைகள் புலம்பெயர்ந்துவிட, முதியவர்கள் தனித்திருக்கும் வீடுகள் எம்மிடையே பல. கூடிய கட்டணத்துக்குச் சம்மதிக்குமுன், அவர்கள் முதலில் அந்தக் கேபிளை ஒருமுறை மாற்றிப் பார்க்கட்டும்.