கண்மாய்க் கரை எந்தப் பக்கம்?

பிளஸ் ஒன்னில் ஹிஸ்டரி குரூப்புக்கு வரும் பிள்ளைகளில் பலர், கேட்ட குரூப் கிடைக்காமல் வந்தவர்கள். தலைநகரங்களையும் ஆறுகளையும் உருப்போடுவதுதான் புவியியல் என்ற நினைப்போடு உட்காருவார்கள். அந்த நினைப்பைப் பாடப்புத்தகம் கலைத்து நான் பார்த்ததில்லை. செய்முறை வகுப்பில் மேசைமேல் விரியும் டோப்போஷீட், அதாவது நிலத்தோற்ற வரைபடம், கலைத்துவிடும்.

முதலில் கொல்லிமலைத் தாளை விரிப்பேன். 1:50,000 அளவை, தாளில் 2 செ.மீ. இருந்தால் தரையில் 1 கி.மீ. பழுப்பு நிறச் சமஉயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. மலை விளிம்பில் அவை நெருங்கி நெருங்கிக் கறையாகவே தெரியும். மேலே போனதும் விலகிவிடும். காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையின் மேல் விரலை ஓட்டச் சொல்வேன். அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள் என்பது எல்லோருக்கும் தெரியும். நேராக ஏறினால் இத்தனை சிறிய தூரத்தில் இத்தனை கோடுகளைத் தாண்ட வேண்டியிருக்கும் என்பது விரல் ஓடும்போதுதான் புரியும்.

அடுத்து குறுக்குவெட்டு. தாள் துண்டின் விளிம்பைப் படத்தின் மேல் வைத்து, கோடு வெட்டும் இடங்களைக் குறித்து, கிராஃப் தாளுக்கு மாற்றிப் புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். இங்கேதான் ஸ்கேல் வெளியே வரும். ஸ்கேல் வைத்து இழுத்தால் மலை ரம்பப் பல்லாகிவிடும். கையால்தான் வளைக்க வேண்டும். உச்சியில் ஒரே மதிப்புள்ள இரு புள்ளிகளைத் தட்டையாகச் சேர்ப்பவர்களும் உண்டு. 1,200 மீட்டர் கோட்டுக்குள் அடுத்த கோடு இல்லையென்றால், தரை 1,220 மீட்டரைத் தொடவில்லை என்றுதான் பொருள். மேலே கொஞ்சம் குவிந்திருக்கலாம். உயரத்துக்கு 1 செ.மீ. = 100 மீட்டர் என்று வைத்தால், கிடைத்தூரத்தைவிட உயரம் ஐந்து மடங்கு மிகையாகிவிடும். அதைப் படத்துக்குக் கீழே எழுதாத ரெக்கார்டு நோட்டில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

எங்கள் பக்கம் சிவகங்கைச் சமவெளி. அந்தத் தாளை விரித்ததும் வகுப்பு சப்பென்றாகிவிடும். "ஒண்ணுமே இல்லையே சார்" என்பார்கள். உண்மைதான், ஒரு பழுப்புக் கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் பல கிலோமீட்டர் இருக்கும். ஆனால் தாள் முழுக்கக் கண்மாய்கள். கரை எந்தப் பக்கம் இருக்கிறது, எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று மட்டும் பார்க்கச் சொல்வேன். பத்துக் கண்மாய்களைப் பார்ப்பதற்குள் யாராவது பிடித்துவிடுவார்கள். பெரும்பாலும் கரை கிழக்கிலோ தென்கிழக்கிலோ. திறப்பு மேற்கிலோ வடமேற்கிலோ. தண்ணீர் இறங்கி வரும் வழியை மறித்துப் போட்டதுதானே கரை. நிலம் தென்கிழக்கே, கடலை நோக்கிச் சரிகிறது. வைகை போகும் திசையும் அதுதான். 20 மீட்டர் இடைவெளிக் கோட்டுக்கு அகப்படாத அந்தச் சரிவை, கண்மாய் வெட்டியவர்கள் தண்ணீரை ஓடவிட்டே பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பார்கள் என்பது என் ஊகம்.

இதற்குப் பிறகு நான் அதிகம் பேச வேண்டியிருக்காது. சம்சாரி வீட்டுப் பிள்ளைகள் ஆரம்பித்துவிடுவார்கள். எங்க கண்மாய் கலுங்கு பாய்ஞ்சா இந்தக் கண்மாய்க்குத்தான் போகும், வரத்துக்கால் இதோ இப்படி வருது, மடை இங்கே இருக்கணுமே படத்தில் காணோமே. தேர்வில் அதிகம் வாங்காத பையன், முதல் மதிப்பெண் வாங்கும் பெண்ணுக்கு, கண்மாய்த் தண்ணீர் பாயும் ஆயக்கட்டு கரைக்குக் கீழே ஏன் இருக்கிறது என்று சொல்லிக்கொடுப்பான். ஒரு கண்மாயின் உபரி நீர் அடுத்ததற்குப் போகும் சங்கிலியைப் பென்சிலால் தொடரச் சொன்னால், சில இடங்களில் சங்கிலி அறுந்துபோகும். அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று போய்ப் பார்த்துவரச் சொல்வேன். வீட்டுமனை, செங்கல் சூளை, சீமைக் கருவேலம் என்று எழுதிக்கொண்டு வருவார்கள்.

கைப்பேசியில் செயற்கைக்கோள் படம் பார்க்கலாமா என்று கேட்பார்கள். சங்கிலியை வரைந்து முடித்த பிறகு பார்க்கலாம். முதலிலேயே பார்த்தால் தன் வீட்டுக் கூரையைத் தேடுவதிலேயே மணி அடித்துவிடும்.

செய்முறைத் தேர்வுக்கு வரும் புறத்தேர்வாளர்கள் பெரும்பாலும் குறியீடுகளைத்தான் கேட்பார்கள்: கோயிலுக்கு என்ன, கிணற்றுக்கு என்ன, ரயில் பாதைக்கு என்ன. ஒருமுறை வந்தவர் மட்டும் எங்கள் தாளைத் திருப்பிப் போட்டு, "வடக்கு எதும்மா?" என்றார். அந்தப் பெண் ஓரத்தில் இருந்த எழுத்துகளைப் பார்க்கவில்லை. கண்மாய்க் கரைகளைப் பார்த்துவிட்டுத் தாளை நேராகத் திருப்பி வைத்தாள்.